கவுண்டரில் பூஜ்யம், பிளேட்டில் காலனி: முதலில் குழாயைப் பாருங்கள்

வணக்கம். கிரேடு ஏ ஃபில்லிங் பகுதியில் (கிருமியற்ற மருந்தை நிரப்பும், மிகத் தூய்மையான இடம்) காற்றின் துகளை எண்ணும் கவுண்டர் 5 மைக்ரான் துகளுக்கு எப்போதும் பூஜ்யம் காட்ட, காற்றிலிருந்து விழும் கிருமியைப் பிடிக்கத் திறந்துவைக்கும் செட்டில் பிளேட்டில் காலனி (கண்ணுக்குத் தெரியும் கிருமிக் கூட்டம்) வந்தது என்கிறீர்கள். காற்றை உறிஞ்சும் இடத்துக்கும் கவுண்டருக்கும் நடுவில் 3 மீட்டர் குழாய் இருக்கிறதாம். என் சந்தேகம் அங்கேதான். 0.5 மைக்ரான் துகள் பெரும்பாலும் தப்பி வந்துவிடும். பெரியவை வளைவில் மோதியும் கனத்தால் படிந்தும் குழாயிலேயே தங்கிவிடும். உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலில் ஒட்டிவரும் பாக்டீரியாவும் அந்தப் பெரிய ரகம்தான்.

கிருமியற்ற மருந்துத் தயாரிப்புக்கான ஐரோப்பிய விதியான ஜிஎம்பி அனெக்ஸ் 1 (2022), குழாய் பொதுவாக 1 மீட்டருக்குள், வளைவுகள் முடிந்தவரை குறைவாக இருக்கச் சொல்கிறது; வளைவு ஆரத்துக்குக் கருவித் தயாரிப்பாளரின் பரிந்துரையைக் கவனிக்கச் சொல்கிறது. கவுண்டரையே பக்கத்தில் கொண்டுவாருங்கள்.

அப்புறம், கிரேடு ஏ-வில் ஒரு காலனி என்றாலும் விசாரணை உண்டு. எந்த வகை பாக்டீரியா என்று பாருங்கள்: மைக்ரோகாக்கஸ் என்றால் பெரும்பாலும் ஆளிடமிருந்து, பேசில்லஸ் என்றால் ஸ்போர் (கடினமான உறைக்குள் உறங்கும் வடிவம்), துடைக்கப் பயன்படும் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) அதைக் கொல்லாது.