கற்பூர வாசனைக்குச் சுண்டெலி ஓடுமா?

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் இருக்கிறோம். இரண்டு மாதங்களாகச் சமையலறையில் சுண்டெலித் தொல்லை. கற்பூரம், நாப்தலின் உருண்டை, புதினா எண்ணெயில் நனைத்த பஞ்சு என்று பலர் சொன்னதையும் வைத்துப் பார்த்துவிட்டேன். பிளக்கில் செருகும் ஒலிக் கருவியும் வாங்கினேன். நான்கு நாள் அடங்கியிருந்துவிட்டு மறுபடியும் வந்துவிடுகின்றன. ஒன்றரை வயதுக் குழந்தை இருப்பதால் விஷம் வைக்கப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்? (மதுரை வாசகி)

பதில்: விஷம் வைக்காமல் இருந்தது மிக நல்ல முடிவு; அதில் உறுதியாக இருங்கள். நாப்தலின் உருண்டைகளையும் இன்றே எடுத்துவிடுங்கள். மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. புதிய வாசனை கண்டு எலி ஓரிரு நாள் தயங்கும்; தின்பதற்கும் ஒதுங்குவதற்கும் அங்கேயே இடம் இருக்கும்போது வாசனை அதற்குப் பழகிவிடும், கற்பூரமும் காற்றில் கரைந்து போகும். ஒலிக் கருவியின் ஒலி சுவரையும் அலமாரியையும் ஊடுருவுவதில்லை என்பதால், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் எலிக்கு அது எட்டுவதே இல்லை.

எலி எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. எங்கள் வீட்டில் இதே தொல்லை வந்தபோது, படுக்கப் போகுமுன் அடுப்பு மேடைக்குக் கீழே சுவரோரமாகக் கல் கோலப்பொடியைச் சன்னமாகத் தூவி வைத்தேன். காலையில் பார்த்தால், கடுகைப் பதித்தாற்போன்ற சிறு கால் தடங்களும், நடுவே வால் இழுபட்ட நூல் போன்ற கோடும், எரிவாயுக் குழாய் சுவரைத் துளைத்து வரும் இடத்தில் போய் முடிந்திருந்தன. குழாயைச் சுற்றிச் சுண்டுவிரல் நுழையுமளவு இடைவெளி. அதன் விளிம்பு எலியின் உடம்புப் பிசுக்குப் படிந்து கறுத்திருந்தது. சுண்டெலிக்கு அவ்வளவு இடம்கூடத் தேவையில்லை. ஒரு பென்சில் நுழையும் துளை, அதாவது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் இருந்தால், தலையை நுழைத்து உடம்பையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். எனவே ஒரு பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, கழுவுதொட்டியின் கழிவுக் குழாய், ஏ.சி. குழாய் வரும் துளை, வாஷிங் மெஷின் குழாய், பால்கனிக் கதவின் அடிப்பகுதி என்று ஒவ்வோர் இடமாகப் பாருங்கள்.

துணி, தெர்மாகோல், காகிதம் ஆகியவற்றால் அடைத்தால் ஒரே இரவில் கடித்துவிடும். அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், கடிப்பது அதற்கு ஓயாத வேலை. பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத எஃகுச் சுருளை இறுக்கமாகத் திணித்து, மேலே சிமெண்ட் பூசுங்கள். எரிவாயுக் குழாயை மட்டும் அப்படிச் செய்யக் கூடாது; துளையில் ஓர் இரும்புக் குழாய்த் துண்டைப் பதித்து, அதன் வழியே ரப்பர் குழாயைச் செலுத்துங்கள். சாதாரண ரப்பர் குழாயாக இருந்தால், எஃகுக் கம்பி பொதிந்த ஆரஞ்சு நிறக் குழாயாக மாற்றிவிடுவது நல்லது. எலி கடித்த குழாயில் எரிவாயு கசிவதைவிடப் பெரிய ஆபத்து சமையலறையில் வேறில்லை.

அடைக்கும் அதே நாளில் பொறியும் வைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருப்பவை உள்ளேயே பெருகும். சுண்டெலி மூன்றே வாரத்தில் குட்டி போட்டுவிடும். பொறியைத் தரையின் நடுவே வைத்துப் பயனில்லை, அது சுவரை ஒட்டியே ஓடும். சுட்ட தேங்காய்ச் சில்லையோ கருவாட்டுத் துண்டையோ நூலால் கட்டிவிட்டால் உருவிக்கொண்டு போக முடியாது. ஒரு பொறி போதாது. இரண்டு மீட்டருக்கு ஒன்றாக, குழந்தையின் கை எட்டாத இடங்களில் வையுங்கள். பசை அட்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் ஒட்டிய உயிர் மணிக்கணக்கில் துடித்துச் சாவதைப் பார்த்தவர்கள் மறுபடி வாங்க மாட்டார்கள்.

கேள்வி: கூர்மூக்குடன், கீச்சென்று கத்திக்கொண்டு, நாற்றமடிக்கும் சிறு எலி ஒன்று இரவில் வீட்டுக்குள் சுற்றுகிறது. பொறியில் வைத்த வடையைத் தொடுவதே இல்லையே? (கும்பகோணம் வாசகர்)

பதில்: அது எலி அல்ல, மூஞ்சூறு. கரப்பானையும் பூச்சிகளையும் தின்று வாழ்வது. தானியத்தையும் துணியையும் நாசம் செய்வதில்லை. பிள்ளையாரின் வாகனம் என்று நம் பாட்டிமார் அதை அடிக்க விடாமல் காத்தது வீட்டுக்கு நன்மையாகவே அமைந்தது. கதவைத் திறந்துவைத்து வெளியே விரட்டிவிட்டு, கதவடி இடைவெளியை அடையுங்கள்.

கேள்வி: நெல் மூட்டை வைத்திருக்கும் அறையில் எலிப்பசை வைக்கலாமா? (தஞ்சாவூர் மாவட்ட வாசகர்)

பதில்: வேண்டாம், ஐயா. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்கு மாற்று மருந்தே கிடையாது. தமிழ்நாடு அரசு அதன் விற்பனையைத் தடை செய்திருக்கிறது. வாயில் பட்டவர் முதல் நாள் வாந்தி எடுத்துவிட்டு, அடுத்த ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோல் தெரிவார். அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். அதனால், தவறிப்போய் யாரேனும் உட்கொண்டுவிட்டால், தெளிவாக இருக்கிறாரே என்று காத்திராமல், அந்த டியூபையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டை ஒட்டிய அறையில் வைப்பது அதைவிடக் கொடியது. காற்றின் ஈரம் பட்டாலே அதிலிருந்து உயிரைப் பறிக்கும் வாயு வெளிவரும்.

மூட்டைகளைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், சுவரைவிட்டு ஓரடி தள்ளி அடுக்குங்கள். மறைவு இல்லாத இடத்தில் எலி தங்காது. வயலிலும் களத்திலும் எலி பிடிக்க உங்கள் பகுதி மூங்கில் பொறிகளான கிட்டிகளே போதும். கூகை வந்தால் விரட்டாதீர்கள். அதன் முக்கிய இரையே எலிதான்.

கேள்வி: பரணில் நிறைய எலிப் புழுக்கை கிடக்கிறது. பெருக்கித் தள்ளிவிடலாமா? (திருச்சி வாசகி)

பதில்: காய்ந்த நிலையில் பெருக்கினால் தூசி மூச்சில் ஏறும். ஜன்னலைத் திறந்துவிட்டு, முகக்கவசமும் ரப்பர் கையுறையும் அணிந்து, பிளீச்சிங் கரைசலைத் தெளித்து 5 நிமிடம் ஊறவிட்ட பிறகு காகிதத்தால் வழித்தெடுத்து உறையில் கட்டிப் போடுங்கள். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் வழியாகப் பரவுவது. காலிலோ கையிலோ புண் இருந்தால் அந்த வேலையை வேறொருவரிடம் விடுங்கள். பரணில் உள்ள சாமான்களை இறக்கித் துடைக்கும்போதே ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தெரிந்தால் அங்கே கம்பி வலை அடிக்க வேண்டியிருக்கும்.