கடல் விட்டுப்போன துறை

வணக்கம் ஐயா,

அக்டோபரில் அம்மாவோடு ஏதென்ஸிலிருந்து கப்பல் சுற்றுலா போகிறோம். துருக்கியின் குஷாதாசியில் காலை 8 முதல் மாலை 5 வரை கப்பல் நிற்கும். அம்மாவுக்குப் பக்கத்தில் இடிபாடாக இருக்கும் பழைய நகரமான எபேசுவைப் பார்த்துவிட வேண்டும். 68 வயது, மூட்டு வலி வேறு. கப்பல்காரர்கள் நடத்தும் பயணத்தில் சேர்வதா, நாங்களே போவதா? இப்படி இறங்கி ஏறினால் ஓர் ஊரைப் பார்த்ததாகுமா என்றும் சந்தேகமாக இருக்கிறது.

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

முதலில் அம்மாவின் மூட்டு. எபேசுவுக்கு மேல் வாசல், கீழ் வாசல் என்று இரண்டு உண்டு. மேலே இறங்கிக்கொண்டால் வழி முழுக்க இறக்கம்தான். குஷாதாசியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். டாக்சி பேசும்போதே மேல் வாசலில் விட்டு, கீழ் வாசலில் வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். 'டோல்முஷ்' என்கிற மினி பஸ் மலிவுதான், ஆனால் கீழ் வாசல் பக்கம் இறக்கிவிடும். அம்மா ஏற்றம் ஏற வேண்டிவரும், வேண்டாம். கப்பல்காரர்களின் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவர்களுக்குக் காத்திருக்காது. அந்தப் பதற்றம் ஆகாது என்றால் அவர்களோடே போங்கள். தனியாகப் போனால் 3 மணிக்கெல்லாம் துறைமுகத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

தரை முழுக்கச் சலவைக்கல். ஆயிரக்கணக்கான வருடங்கள் கால்பட்டு வழவழவென்று இருக்கும். நான் போனபோது செருப்போடு இரண்டு முறை வழுக்கினேன். ரப்பர் அடியுள்ள ஷூ, தொப்பி, தண்ணீர் மூன்றும் கட்டாயம். நிழலே கிடையாது.

மலைமேல் இருக்கும், இயேசுவின் தாய் மரியாள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் வீட்டையும் அதே நாளில் சேர்க்கச் சொல்வார்கள். அம்மா ஆசைப்பட்டால் ஒழிய விட்டுவிடுங்கள். செல்சுஸ் நூலகத்தின் முன்னால் அந்த நேரத்தைச் செலவழிக்கலாம். ஒரு மகன் தன் அப்பாவுக்காகக் கட்டியது அது. அப்பாவின் கல்லறை அதற்கு அடியிலேயே இருக்கிறது. சரிந்து கிடந்த முகப்பை 1970-களில்தான் திரும்ப எடுத்து நிறுத்தினார்கள். கீழ் மாடங்களில் நான்கு பெண் சிலைகள்: ஞானம், நற்பண்பு, சிந்தனை, அறிவு. அங்கே நிற்பவை நகல்கள்; அசல்கள் வியன்னாவில். நான் பார்த்தபோது ஒரு சிலையின் காலடியில் செவலைப் பூனை ஒன்று நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

இப்போது உங்கள் சந்தேகம். பெரிய அரங்கத்துக்கு எதிரே நேராக ஒரு தெரு போகும். அரை கிலோமீட்டர் நீளம், இருபுறமும் தூண்கள். அந்தக் காலத்திலேயே இரவில் விளக்கு எரிந்த தெரு. அதன் கடைசிவரை பாருங்கள், அங்கே நாணலும் வயலும்தான் இருக்கும். அதுதான் அன்றைய துறைமுகம். ஆறு வண்டல் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தது. தூர் வாரி வாரிப் பார்த்தார்கள், முடியவில்லை. கடல் சுமார் 5 கிலோமீட்டர் விலகிப்போனது, ஊரும் செத்தது. அப்புறம் கப்பல்களுக்கு வேறு துறை வேண்டியிருந்தது. நீங்கள் இறங்கப்போகும் குஷாதாசியை இத்தாலிய வணிகர்கள் 'ஸ்காலா நோவா' என்றார்கள், புதிய துறை என்று பொருள். எபேசுவின் அந்தத் தூண் தெரு, கப்பலிலிருந்து இறங்கி வருகிறவர்கள் ஊருக்குள் நடப்பதற்கென்றே போட்டது. அதனால் சில மணி நேரத்துக்கு இறங்கி ஏறுகிறோமே என்று குறைப்பட வேண்டாம். அந்த ஊருக்கு ஆட்கள் அப்படித்தான் வந்தார்கள், இயேசுவின் அப்போஸ்தலர் பவுலும் அங்கே கப்பலில் வந்திறங்கியவர்தான்.

அந்த அரங்கம் சுமார் 25,000 பேர் உட்காரக்கூடியது. பவுலுக்கு எதிராகத் தெமேத்திரியு என்னும் வெள்ளித் தட்டான் கிளப்பிய கலகத்தில் ஊரே கூடி இரண்டு மணி நேரம் கத்தியது அங்கேதான். அம்மா மேலே ஏற வேண்டாம், கீழ்ப் படிகளில் உட்கார்ந்தால் போதும். அவருடைய பைபிளைக் கப்பல் அறையில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அப்போஸ்தலர் நடபடிகள், 19-ஆம் அதிகாரம். அங்கே உட்கார்ந்து வாசிக்கட்டும்.