முதல் இணையதளம், முதல் தடுமாற்றங்கள்: கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் தங்கள் முதல் இணையதளத்தை அமைக்க முயல்பவர்களிடமிருந்து வந்துள்ளன. பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல், அதன் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் ஆகியவற்றின் அடிப்படை அறிந்தவர்கள் என்று கொண்டே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கிட்ஹப்பின் இலவசத் தளச் சேவையான கிட்ஹப் பேஜஸில் தளத்தை ஏற்றினேன். என் கணினியில் திறந்தால் படங்கள் தெரிகின்றன. இணையத்தில் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஏன்?

பதில்: படத்தை அழைக்கும் அந்த ஒரு வரியை அனுப்பியிருந்தால் நான் ஊகிக்க வேண்டியிருந்திருக்காது. காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். படத்தின் முகவரி உங்கள் கணினியின் சி டிரைவிலிருந்து தொடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் அந்தப் படம் உங்களுக்கு மட்டுமே தெரியும். இல்லையென்றால், கேமராவிலிருந்து வந்த கோப்பின் பின்னொட்டு பெரிய எழுத்துகளிலும் நீங்கள் நிரலில் எழுதியது சிறிய எழுத்துகளிலும் இருக்கக்கூடும். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். கிட்ஹப் பேஜஸ் எடுத்துக்கொள்ளாது. கோப்புப் பெயர் எதுவாயினும் சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளியின்றி வையுங்கள்.

கேள்வி: நோட்பேடில் எழுதிச் சேமித்த பக்கத்தைத் திறந்தால் தளம் வராமல் நிரலே அப்படியே தெரிகிறது.

பதில்: கோப்பின் பெயர் எச்டிஎம்எல் என்று முடிவதாக நினைக்கிறீர்கள், அதற்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்ற இன்னொரு பின்னொட்டும் ஒளிந்திருக்கிறது. சேமிக்கும்போது கோப்பு வகையில் ‘அனைத்துக் கோப்புகள்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஆண்டுதோறும் பணம் கட்டாமல் சொந்தமாக ஒரு டொமைன் பெயர் (தள முகவரி) கிடைக்குமா? முன்பு டாட் டிகே (.tk) என்று இலவசமாகத் தந்தார்களே?

பதில்: அதைத் தந்துகொண்டிருந்த ஃப்ரீநாம் நிறுவனம் 2023-இல் புதிய பதிவுகளை நிறுத்திவிட்டது, பிறகு அந்தத் தொழிலையே விட்டுவிட்டது. கற்கும் காலத்தில் உங்கள் பயனர்பெயரோடு கிட்ஹப் தரும் துணைமுகவரியே போதும். தளம் உருப்படியாக வளர்ந்த பிறகு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் ஒரு பெயரை வாங்கி அதே தளத்தோடு இணைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது முதலாண்டுச் சலுகை விலையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிப்புக் கட்டணத்தைப் பாருங்கள்.

கேள்வி: பிளாகர் நல்லதா, வேர்ட்பிரஸ் நல்லதா, நானே எச்டிஎம்எல் எழுதுவது நல்லதா?

பதில்: எழுதுவது நோக்கமானால் கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகர், இணையதளம் கட்டக் கற்பது நோக்கமானால் சொந்த எச்டிஎம்எல். வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு உண்டு என்பதைத் தொடங்குபவர்கள் கவனிப்பதில்லை. டாட் காம் என்று முடிவது அவர்களே தளத்தை வைத்துத் தரும் சேவை. அதன் இலவசத் திட்டத்தில் அவர்களுடைய விளம்பரங்கள் வரும். டாட் ஆர்க் என்று முடிவதில் கிடைப்பது மென்பொருள். அது இலவசம், அதை நிறுவ வேண்டிய வழங்கிக்கு, அதாவது தளத்தை வைத்திருக்கும் இணையக் கணினிக்கு, பணம். எதைத் தேர்ந்தாலும் எழுதியவற்றின் நகல் உங்கள் கணினியில் இருக்கட்டும். இலட்சக்கணக்கானோர் இலவசமாகப் பக்கங்கள் வைத்திருந்த ஜியோசிட்டீஸை 2009-இல் யாஹூ மூடியபோது நகல் வைத்திராதவர்களின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இருபது ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரைகளைத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. பக்கங்களைப் படமாக மாற்றி ஏற்றிவிடலாமா?

பதில்: ஐயா, அருள்கூர்ந்து படமாக மாற்றாதீர்கள். தங்கள் தளத்தில் கோளாறு இல்லை. கோளாறு கோப்பினுள் இருக்கிறது. பாமினியில் தாங்கள் ‘தமிழ்’ என்று தட்டியபோது கணினி சேமித்துவைத்தது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான் (jkpo;). ஜே இருந்த இடத்தில் ‘த’வையும் கே இருந்த இடத்தில் ‘ம’வையும் வரைந்து காட்டியது எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் வேடம் கலைந்துவிடுகிறது.

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுமுறையான யூனிகோடின் 1991-ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010-இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் இன்றும் பலர் ஆண்டுமலரைப் பாமினியில் அடித்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஏற்றிவிட்டு, ‘இணையத்தில் வெளியிட்டுவிட்டோம்’ என்று மேடையில் அறிவிக்கிறார்கள். அந்தப் படத்திலிருந்து ஒரு வரியை நகலெடுக்க முடியாது. தேடுபவர் கண்ணில் அது பெரும்பாலும் படாது. பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பான் ‘படம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். கைப்பேசியில் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். ஆயிரம் சொற்கள் கொண்ட கட்டுரை எழுத்தாக இருந்தால் ஏறத்தாழ 30 கேபி. படங்களாக இருந்தால் அரை எம்பிக்கு மேல்.

பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மூலக் கோப்புகளின் நகலைத் தனியே வைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு கட்டுரையாக மாற்றுங்கள். மாற்றியதை நம்பிவிடாமல் மெய்ப்புப் பாருங்கள். ‘ர்’ எழுதக் கால் குறியை அடித்து அதன்மேல் புள்ளி வைப்பது பழைய தட்டச்சு வழக்கம் என்பது தங்களுக்கே தெரியும். அத்தகைய இடங்களில் சில மாற்றிகள் தடுமாறும். ‘கொ’, ‘கோ’ போன்றவற்றில் கொம்பு இடம் மாறி நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முடித்ததும் ஒரு பத்தியை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பிப் பாருங்கள். அங்கும் தமிழாகவே தெரிந்தால் மாற்றம் சரி. கோப்பை, யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். 2019-க்கு முந்தைய நோட்பேடில் இதைக் கேட்டுத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். பக்கத்தின் தலைப்பகுதியிலும் எழுத்துமுறை யுடிஎஃப்-8 என்று குறிப்பிடும் மெட்டா வரி இருக்க வேண்டும்.

கேள்வி: கணினி இல்லை, ஆண்ட்ராய்டு கைப்பேசி மட்டும் உண்டு. முடியுமா?

பதில்: முடியும். ஏகோடு போன்ற ஒரு செயலியில் எழுதி, உலாவி வழியாகக் கிட்ஹப்பில் ஏற்றலாம். கண் வலிக்கும், அவ்வளவே.

கேள்வி: வீட்டில் செய்யும் தின்பண்டங்களை விற்கக் கிட்ஹப் பேஜஸில் கடை அமைக்கலாமா? வாடிக்கையாளர் படிவத்தை நிரப்பினால் எனக்கு வர வேண்டும்.

பதில்: இணைய வணிகம் நடத்துவதற்கான இடமன்று என்று கிட்ஹப் தன் விதிகளிலேயே சொல்லியிருக்கிறது. மேலும், அது கோப்புகளை எடுத்துக் கொடுக்குமே தவிர, நிரப்பிய படிவத்தை வாங்கி வைக்காது. பண்டங்களின் பட்டியலைக் கூகுளின் தளம் அமைக்கும் சேவையான கூகுள் சைட்ஸில் இட்டு, அதனுள் ஒரு கூகுள் படிவத்தைப் பதித்துவிடுங்கள். விடைகள் விரிதாளில் வந்து சேரும். படங்களை ஏற்றுமுன் ஒவ்வொன்றையும் 200 கேபிக்குள் சுருக்குங்கள், சுருக்காத மூலப்படங்களின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தளம் வேலை செய்யவில்லை. உடனே சரிசெய்து தரவும். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இணைத்துள்ளேன்.

பதில்: கடிதத்தை அழித்துவிட்டேன். முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு, எந்தப் பக்கம், என்ன செய்தபோது, திரையில் என்ன தெரிந்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். தளத்தை இப்போதுதான் ஏற்றினீர்கள் என்றால், எழுதுவதற்கு முன் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். கிட்ஹப்புக்கும் அவ்வளவு நேரம் பிடிக்கலாம்.