அக்காகிட்ட கேளுங்க: பால் குடுக்கதும் ஒரு வேலைதான்

கேள்வி: அக்கா, எனக்கு முக்கூடல் பக்கம். தலைப்பிள்ளைக்கு ரெண்டரை மாசம் ஆகுது. வீட்ல இருந்து பீடி சுத்துதேன். முன்னால ஒரு நாளைக்கு ஆயிரம் சுத்துவேன், இப்ப ஐநூறு தாண்ட மாட்டேங்கு. வலது கை பெருவிரலுக்குக் கீழ சுள்ளுன்னு வலி, பிள்ளையைத் தூக்கவே முடியல. அவன் எந்நேரமும் அழுதுகிட்டே கெடக்கான், எங்க அத்தை உனக்கு பால் பத்தல பவுடர் பால் வாங்கிருன்னு சொல்லுதாவ, நர்ஸம்மா வந்தா தாய்ப்பால் மட்டும் குடுன்னு சொல்லிட்டுப் போயிருதாவ. பக்கத்து வீட்டு மதினி ஆக்குபேஷனல் தெரபின்னு ஒண்ணு இருக்கு போய்ப் பாருங்கா. அது கை கால் விளங்காதவங்களுக்குல்லா? எனக்கு எதுக்கு?

பதில்: ஏம்மா, உங்க அத்தையும் சரி நர்ஸம்மாவும் சரி, சொல்லிட்டுப் போறாங்களே தவிர உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல, பாத்தீங்களா? ஆக்குபேஷனல் தெரபி (சுருக்கமா ஓ.டி.) பாக்குற நாங்க கேக்குறதுல இருந்துதான் ஆரம்பிப்போம். நம்ம பக்கம் ஓ.டி.ன்னா ஆட்டிசம் பிள்ளைங்க, பக்கவாதம் வந்தவங்கன்னுதான் தெரியும், ஆனா ஒரு மனுஷிக்கு அன்னாடம் செய்ய வேண்டிய வேலை எதுல தட்டுதுன்னு பாக்குறதுதான் எங்க பொழப்பே. பிள்ளைக்குப் பால் குடுக்கதும் அதுல ஒண்ணுதான். கனடாவுல 1991ல வந்த ஒரு பேட்டி முறை இருக்கு, இன்னைக்கும் அதைத்தான் பிடிச்சுக்கிறோம். எது எது கஷ்டம்னு நீங்கதான் சொல்லணும், எது முக்கியம்னு பத்துக்கு மார்க் நீங்கதான் போடணும். சம்பாத்தியம் குறையக்கூடாதுன்னு நீங்க பத்து போட்டா, பீடியை விட்ருன்னு சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

முதல்ல கை. பெருவிரலை உள்ள வச்சு மூடி, மணிக்கட்டை மெதுவா சுண்டுவிரல் பக்கம் சாய்ச்சுப் பாருங்க. சுரீர்னா அங்க போற தசைநார் உறை வீங்கியிருக்கலாம், புதுசா பிள்ள பெத்தவங்களுக்கு இது நிறைய வரும். உங்களுக்கு எலையை உருட்டுறது, முனையை மடக்குறது எல்லாம் அதே விரல், பிள்ளையைக் கக்கத்துல கை குடுத்து பெருவிரலை விரிச்சுத் தூக்குறதும் அதே விரல். அது எவ்வளவுதான் தாங்கும்? இனிமே ஒரு உள்ளங்கை பிட்டத்துக்குக் கீழ, இன்னொரு கை முதுகுக்குன்னு அள்ளித் தூக்குங்க. பால் குடுக்கையில குனியாதீங்க, செவுத்துல சாஞ்சு மடியில தலகாணி போட்டு பிள்ளையை மார் உயரத்துக்குக் கொண்டு வாங்க. கொஞ்ச நாளைக்கு பெருவிரல் அசையாம பிடிச்சுக்கிற பட்டை, ஸ்பிளின்ட்னு சொல்லுவோம், அதைச் செஞ்சு போடுவோம், அதுலயும் அடங்கலன்னா எலும்பு டாக்டர்ட்ட காட்டணும்.

பால் பத்தலன்னு அழுகையை வச்சு முடிவு பண்ணாதீங்க. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல ஒண்ணுக்குப் போறானா, எடை ஏறுதா? அது சரியா இருந்தா பால் பத்துது. இல்லன்னா தள்ளிப் போடாம டாக்டர்ட்ட காட்டணும். பாலு குடிக்கக் குடிக்கத்தான் ஊறும், இந்த வயசுல 24 மணி நேரத்துல எட்டுலருந்து பன்னெண்டு தடவை குடிக்கலாம். நீங்க கடைக்கு எண்ணிக்கை முடிக்கணுமேன்னு அவனைத் தொட்டில்ல ஆட்டி ஆட்டி நேரத்தைத் தள்ளுனீங்கன்னா பால் குறையும், அப்புறம் பவுடரு, அப்புறம் இன்னும் குறையும், அந்த டப்பாவுக்கும் சேத்து பீடி சுத்தணும்!

இன்னொண்ணு தூளு. புகையிலைத் தூள்ல உள்ள நிகோட்டின் உங்க உடம்புக்குள்ள போய் பாலுக்கும் வரும். அதுக்காக பாலை நிறுத்தாதீங்க. பீடி சுத்துற சொளவு வைக்கிற இடத்துல தொட்டில் கட்டாதீங்க, சேலைக்கு மேல வீட்டுக்காரரோட பழைய சட்டையைப் போட்டுகிட்டு சுத்துங்க, பால் குடுக்கப் போறப்ப அதைக் கழட்டிட்டு முழங்கை வரைக்கும் சோப்பு போட்டு கழுவிருங்க.

இதுல எதுவுமே உங்க ஒருத்தியால ஆகாது. உலக சுகாதார நிறுவனம் போட்ட கமிஷன் மைக்கேல் மார்மட் தலைமையில 2008லயே சொல்லிட்டு, மனுஷன் பொறந்து வளந்து வேலை பாக்குற நிலைமைதான் ஆரோக்கியத்தைத் தீர்மானிக்குன்னு. எண்ணிக்கைக்குக் கூலின்னு இருக்குறவளுக்கு லீவு எங்க இருக்கு? அதனால உங்க அத்தையையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்க. எலை வெட்டுறதை அவங்க எடுத்துக்கிட முடியுமான்னு உங்க முன்னாலயே கேப்போம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய், பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமா சேத்து. அதுல பாக்கித் தவணை இருக்கான்னு நர்ஸம்மாகிட்ட விசாரிங்க, வந்தா கொஞ்ச நாளைக்கு எண்ணிக்கையைக் குறைச்சுக்கிடலாம்.

கேள்வி: நெல்லை டவுன்ல பெரிய ஜவுளிக்கடையில நிக்கேன், பிள்ளைக்கு ஏழு மாசம். மத்தியானத்துக்குள்ள பால் கட்டிக்கிடுது, பாத்ரூம்ல பீச்சி ஊத்துதேன். அழுகையா வருது.

பதில்: வரத்தான் செய்யும். பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற கடைன்னா பிள்ளைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் பால் குடுக்க ரெண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. கடையில நிக்கறவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021ல சட்டத்தையே திருத்திட்டாங்க. 2015லருந்து பஸ் ஸ்டாண்டுல கூட பால் குடுக்க ரூம் இருக்கு, ஜவுளிக்கடைக்காரரால ஸ்டாக் ரூம்ல ஒரு திரையும் நாற்காலியும் போட முடியாதா? ஒத்தையா போய் கேக்காதீங்க, கூட நிக்குற பிள்ளைங்களோட போங்க. பீச்சுன பாலை நம்ம வெயிலுக்கு வெளிய வைக்காதீங்க, ஐஸ் பேக் வச்ச பைல இருந்தா ஒரு நாள் தாங்கும்.

கேள்வி: பொண்டாட்டி பால் குடுக்கா, ஆம்பள நான் என்ன செய்ய? (பாளையங்கோட்டையில இருந்து ஒரு தம்பி)

பதில்: தண்ணி கொண்டு குடுக்கலாம், ராத்திரி ஏப்பம் எடுக்க வைக்கலாம், துணி அலசலாம். ஆனா அவங்ககிட்ட கேட்டுட்டு செய்ங்க தம்பி. நீங்களா ஒண்ண முடிவு பண்ணி உளுந்தங்களி கிண்டிட்டு நிப்பீங்க, அவங்களுக்கு அந்த நேரத்துல வேண்டியது அரை மணி நேரத் தூக்கமா இருக்கும்.