குமிழி உடைகிற விசையை நேரடியாக அளக்க முடியுமா?

கேள்வி இது: தண்ணீருக்குள் ஒரு குமிழி உலோகச் சுவருக்குப் பக்கத்தில் உடைந்தால் எஃகிலேயே குழி விழும் என்கிறார்கள். அந்த அடி எத்தனை நியூட்டன்? சென்சார் வைத்து நேரடியாக யாராவது அளந்திருக்கிறார்களா?

அளந்திருக்கிறார்கள். நானும் இரண்டு வருடம் அளந்தேன். பி.எச்டி.யை நான் முடிக்கவில்லை. பின்னூட்டத்தில் ‘நீ யார் இதைச் சொல்ல’ என்று யாராவது வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இப்போது கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. அம்மைத் தழும்பு மாதிரி அரித்துப்போன இம்பெல்லர்கள் (பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரங்கள்) அடிக்கடி என் மேசைக்கு வரும். கொண்டுவருகிறவர் ‘பம்ப்புக்குள்ளே சரளைக்கல் ஓடுற மாதிரி சத்தம் கேட்டுதுங்க’ என்பார். கல்லெல்லாம் இல்லை, குமிழிதான்.

தண்ணீரில் அழுத்தம் குறையும் இடத்தில் இப்படிக் குமிழிகள் உண்டாகி உடைவதைக் கேவிட்டேஷன் என்று அப்படியே எழுதுகிறேன். தமிழில் எழுதத் தெரியாதா என்று கேட்பவர்களுக்கு: தெரியும், ஆனால் பட்டறையில் யாரும் வேறு பெயர் சொல்வதில்லை.

நீங்கள் கடைசி வருட புராஜெக்டுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ரிவ்யூவில் ‘ஃபோர்ஸ் எவ்வளவு?’ என்பார்கள், ஸ்லைடில் போட ஒரு எண் வேண்டும். எண் கிடைக்கும். அது குமிழியுடைய எண்ணா, உங்கள் சென்சாருடைய எண்ணா என்பதுதான் பிரச்சினை.

முதலில் கணக்கு. கப்பல் புரொப்பெல்லர்கள் அரித்துப்போன விவகாரத்தை ஒட்டி 1917-இல் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு, உருண்டையான வெற்றிடம் தண்ணீருக்குள் எப்படிச் சுருங்கும் என்று கணக்குப் போட்டார். சாதாரண காற்றழுத்தத்தில் 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி முழுதாகச் சுருங்க ஏறக்குறைய 91 மைக்ரோ நொடி. சுவர் பக்கத்தில் இருந்தால் அது உருண்டையாகச் சுருங்காது. சுவருக்கு எதிர்ப்பக்கம் வேகமாக உள்ளே வந்து, குமிழியைத் துளைத்துக்கொண்டு ஊசி மாதிரி நீர்த்தாரையாகச் சுவரில் மோதும். 1971-இல் பிளெசெட், சாப்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுவரைத் தொட்டபடி இருக்கும் குமிழிக்கு இந்தத் தாரையின் வேகம் நொடிக்கு 130 மீட்டர் வரும் என்று கணக்கிட்டார்கள். குறைத்து 100 என்றே வையுங்கள். தண்ணீரின் அடர்த்தி, தண்ணீரில் ஒலியின் வேகம், தாரையின் வேகம் மூன்றையும் பெருக்கினால் 150 மெகாபாஸ்கல், கிட்டத்தட்ட 1500 வளிமண்டலம். தாரை மட்டும்தான் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. குமிழி கடைசியாக நசுங்கும்போது கிளம்பும் அதிர்ச்சி அலைக்கும் பங்கு உண்டு, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை.

இப்போது அளவீடு. தாரை மோதும் இடம் 0.1 மில்லிமீட்டர் விட்டம், சென்சாரின் முகம் 5 மில்லிமீட்டர் விட்டம் என்று வையுங்கள். பரப்பில் 2500 மடங்கு வித்தியாசம். அங்கே 100 மெகாபாஸ்கல் அடித்தாலும் மொத்த விசை ஒரு நியூட்டன்கூட வராது, 0.8 பக்கம்தான். அதைச் சென்சாரின் முழுப் பரப்பால் வகுத்து அழுத்தம் என்று எழுதினால் 0.04 மெகாபாஸ்கல். எஃகில் குழி பறிக்கிற அடி, சைக்கிள் டியூப் காற்றைவிடச் சாதுவாகத் தெரியும். அதனால் பரப்பும் நேரமும் சொல்லாமல் ‘இத்தனை மெகாபாஸ்கல் அளந்தோம்’ என்று எழுதும் பேப்பரைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

நான் செய்த கதைக்கு வருகிறேன். ஸ்பார்க் முறை. மெல்லிய இரண்டு செம்புக் கம்பிகளைத் தண்ணீருக்குள் குறுக்காகத் தொட வைத்து, கெபாசிட்டரைச் சட்டென்று அதன் வழியே காலி செய்தால் பளிச்சென்று ஒரு பொறி, அதிலிருந்து ஒரு குமிழி. எனக்கு 4 மில்லிமீட்டர் ஆரம் வரை வந்தது. வளர்ந்து சுருங்க முக்கால் மில்லி நொடி. எதிரே ஒரு அலுமினியக் கட்டை, அதன்மேல் பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக் ஃபிலிம், அழுத்தினால் மின்னூட்டம் தருகிற வகை. 28 மைக்ரான் தடிமன். அடி அதைக் கடந்துபோக 13 நானோ நொடி போதும் என்பதால் இந்த வேலைக்கு அதைவிட வேகமான, மலிவான சாமான் கிடைப்பது கஷ்டம். சூடு மட்டும் தாங்காது. முதல் ஃபிலிமுக்கு நேரடியாகச் சால்டரிங் வைத்தேன், அப்பளம் மாதிரி சுருண்டது.

இரண்டாவதை இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினேன். ஆசிலோஸ்கோப்பில் (மின்னழுத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் கருவி) ஸ்பார்க் போட்டவுடன் ஒரு முள். அது வெறும் மின்சாரக் குறுக்கீடு. அப்புறம் அமைதி. குமிழி உடையும் நேரத்தில் செங்குத்தாக ஒரு உச்சம். காலிப்ரேஷன்படி, அதாவது தெரிந்த ஒரு அடியை வைத்து முன்பே அளவு குறித்ததன்படி, 40 நியூட்டன். நான்கு மாதம் திரும்பத் திரும்ப 40 பக்கம்தான் வந்தது. கைடு அதை ஒரு கருத்தரங்கில் காட்டிவிட்டு வந்தார், என் பெயர் மூன்றாவது.

பிறகு ஒருநாள் ஒயர் பிய்ந்தது, புது ஃபிலிம் ஒட்டினேன். 10 நியூட்டன். ஃபிலிம் கோளாறு என்று இன்னொன்று ஒட்டினேன். அதுவும் 10. பழையதை எடுத்து டேபிள் லைட்டைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஃபிலிமுக்கு அடியில், டேப்பில், மிளகு அளவு காற்று. மொபைலுக்கு கிளாஸ் ஒட்டும்போது மாட்டிக்கொள்ளுமே, அதே. நகத்தால் தொட்டால் உள்வாங்கி மறுபடி எழும்பியது. அந்த இடத்தில் ஃபிலிம் நசுங்கவில்லை, பறைத்தோல் மாதிரி வளைந்திருக்கிறது. வளைந்தால் ஃபிலிம் நீளவாக்கில் இழுபடும், அதற்கு மின்னூட்டம் பல மடங்கு வரும். குமிழியை ஆராய வந்தவனை ஒரு குமிழியே நான்கு மாதம் ஏமாற்றியிருக்கிறது. கைடிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘ரெண்டையும் ரேஞ்சா போட்டுடலாமே’ என்றார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் எனக்கு அன்றைக்கே விட்டுப்போயிற்று.

  நான் பொறாமைப்படும் அளவீடு ஒன்று உண்டு. மான்டிஸ் இறால், காலால் சம்மட்டி மாதிரி குத்தும் கடல் உயிரி. பட்டேக், கால்டுவெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2005-இல் வெளியிட்டது. அந்த இறால் விசை அளக்கும் சென்சாரைக் காலால் குத்தும்போது இரண்டு உச்சங்கள், 390 முதல் 480 மைக்ரோ நொடி இடைவெளியில். முதலாவது கால் அடித்தது, 400 முதல் 1501 நியூட்டன். இரண்டாவது, இடையில் உண்டான குமிழிகள் உடைந்தது, அதிகபட்சம் 504 நியூட்டன். அதிவேகக் கேமராவையும் ஒலிப்பதிவையும் வைத்து எந்த உச்சம் எதனுடையது என்று பிரித்துக் காட்டினார்கள். விசையாகவே சொன்னார்கள் என்பதும் எனக்குப் பிடித்தது.

காலிப்ரேஷன் பற்றி யாராவது கேட்பார்கள். எல்லோரும் செய்வது போலச் சின்ன பேரிங் பாலை உயரத்திலிருந்து போட்டு, விழுந்த வேகமும் எழும்பிய வேகமும் பார்த்து உந்தக் கணக்குப் போட்டேன். பால் ஃபிலிமைத் தொட்டுக்கொண்டிருப்பது பத்து, இருபது மைக்ரோ நொடி, குமிழியின் அடி அதைவிடச் சுருக்கம். மெதுவான அடியில் அளவு குறித்த தராசை வேகமான அடிக்குப் பயன்படுத்துகிறோம் என்பது தெரிந்தேதான் செய்தேன். வேறு வழி தெரிந்தவர்கள் திட்டாமல் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.

செய்யப்போகிறீர்கள் என்றால், டேப் வேண்டாம். மெல்லிய எபாக்சி பசை, நடுவிலிருந்து வெளியே விரலால் தேய்த்து, மேலே கண்ணாடித் தட்டு வைத்து, அதன்மேல் எடை வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் லைட்டைச் சாய்த்துப் பாருங்கள். காலிப்ரேஷனுக்குப் போட்ட கேபிளையே அளக்கும்போதும் போடுங்கள். ஒரு மீட்டர் கேபிளே நூறு பிக்கோஃபாரட் மின்தேக்குதிறன் சேர்க்கும், ஃபிலிமே அந்த அளவுதான் இருக்கும், கேபிள் நீளம் மாறினால் உங்கள் நியூட்டனும் மாறும். குமிழியைச் சுவரிலிருந்து தள்ளித் தள்ளி வைத்து, உச்சம் அதற்கேற்ப மாறுகிறதா என்றும் பாருங்கள். மாறவில்லை என்றால் ஃபிலிமைக் கழற்றி அடியில் பாருங்கள்.