பரணை அப்புறம் பார்க்கலாம், முதலில் கட்டில்

கேள்வி: எனக்கு 54 வயது. எதையும் தூக்கிப் போட மனசு வருவதில்லை. பழைய செய்தித்தாள், காலி டப்பா, ஓடாத கடிகாரம், பிள்ளைகளின் பள்ளி நோட்டு, மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோன அம்மாவின் துணிமணி என எல்லாமே வீட்டில் இருக்கிறது. ஓர் அறைக்குள் நுழையவே முடியாது. கட்டிலில் பாதி சாமான், மீதியில் நான். இரண்டு நாள் லீவு போட்டு ஒழிக்கப் பார்த்தேன். எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டதுதான் மிச்சம், ராத்திரி அப்படியே திரும்ப வைத்துவிட்டேன். 'நீ ஊருக்குப் போகும்போது மொத்தத்தையும் அள்ளிக் கொட்டிவிடுவேன்' என்கிறாள் மகள். அதைக் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. இது சோம்பேறித்தனமா, நோயா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: சோம்பேறித்தனம் நிச்சயமாக இல்லை. சோம்பேறி யாரும் லீவு போட்டுவிட்டுச் சாமான்களுக்கு நடுவே இரண்டு நாள் உட்கார்ந்திருக்க மாட்டார். உங்களைக் களைக்க வைத்தது தூக்கி இறக்கிய வேலைகூட இல்லை. 'இது இருக்கட்டுமா, போகட்டுமா' என்று ஒவ்வொன்றுக்கும் முடிவெடுக்க வேண்டியிருந்ததுதான். சேர்த்துவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே நான் கீழே சொல்வதெல்லாம் முடிவெடுக்கப் பழகுவதற்கான பயிற்சி. வீடு காலியாவது அதன் கூடவே நடக்கும்.

உங்கள் மகளுக்கு ஒரு மணி நேர வேலையாகத் தெரிவது உங்களுக்கு ஏன் மலையாகத் தெரிகிறது? 2012-ல் வெளியான ஒரு மூளை ஆய்வு இதைப் பற்றிச் சொல்கிறது. இந்தச் சிக்கல் உள்ளவர்களிடம் அவர்களுக்கு வந்த தபால் காகிதங்களையும் வேறு யாருக்கோ வந்தவற்றையும் காட்டி, எதை வைத்துக்கொள்வது, எதைக் கிழித்துப் போடுவது என்று முடிவெடுக்கச் சொன்னார்கள். அடுத்தவர் காகிதம் வந்தபோது, 'இது எவ்வளவு முக்கியம்' என்று எடை போடும் மூளைப் பகுதிகள் மந்தமாக இருந்தன. தங்கள் காகிதம் வந்ததும் அதே பகுதிகள் அளவுக்கு மீறி வேலை செய்தன. உங்கள் பையில் கிடக்கும் ஒரு பழைய ரசீது மகளுக்கு வெறும் காகிதம், உங்கள் மூளைக்கு அது அவசரச் செய்தி. 'என்னுடையது' என்றதும் ஒரு பொருளின் மதிப்பு கூடிவிடுவது எல்லோருக்கும் உள்ளதுதான். 1990-ல் வெளிவந்த ஒரு பரிசோதனையில், ஒரு சாதாரண காபிக் கோப்பையை இலவசமாகப் பெற்றவர்கள், அதை வாங்க நினைத்தவர்கள் சொன்ன விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். அது கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. உங்கள் சாமான்கள் உங்களோடு எத்தனை வருடமாக இருக்கின்றன!

சரி, நோயா என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல்தான் இதை 'ஹோர்டிங் டிஸ்ஆர்டர்' (பொருள் சேர்க்கும் கோளாறு) என்று தனிக் கோளாறாகப் பட்டியலில் சேர்த்தது. அதுவரை பெரும்பாலும் ஓசிடியின், அதாவது ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து படுத்தும் கோளாறின், ஒரு வகையாகவே பார்த்தார்கள். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது தனியாகவே இருக்கிறது. நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கக்கூடும் என்பது பொதுவான மதிப்பீடு. பதின்பருவத்திலேயே தலைகாட்டி, வயது ஏற ஏறக் கூடும். ஒரே குடும்பத்தில் பலருக்கு இருப்பதும் சகஜம். சாமான் எவ்வளவு என்பதைவிட, அறைகளை அந்தந்த வேலைக்குப் பயன்படுத்த முடிகிறதா, பிரிய நினைத்தாலே தாங்க முடியாத வேதனை வருகிறதா, அன்றாட வாழ்க்கை அதனால் கெடுகிறதா என்றுதான் மருத்துவர் பார்ப்பார். கட்டிலில் பாதி போய்விட்டது, ஓர் அறை பூட்டாமலே பூட்டிக் கிடக்கிறது, பேச்சைக் கேட்டாலே படபடக்கிறது என்கிறீர்கள். நேரில் பார்க்காமல் நோய் என்று முத்திரை குத்த மாட்டேன். ஆனால் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளும் அளவுக்கு இது வந்துவிட்டது. அதற்காகக் காத்திருக்காமல் வீட்டில் தொடங்கக்கூடியதைச் சொல்கிறேன்.

ஒழிப்பதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. அடுத்த இரண்டு வாரம் வீட்டுக்குள் எதுவும் புதிதாக வரக் கூடாது. சாப்பாடு, மருந்து மாதிரி தீர்ந்துபோகிற பொருள்கள் மட்டும் விதிவிலக்கு. இலவசமாகக் கிடைக்கும் பை, யாரோ 'வேண்டுமா?' என்று நீட்டும் பழைய நாற்காலி, தள்ளுபடி, ஆன்லைன் ஆர்டர் எதுவும் வேண்டாம். செய்தித்தாளை நிறுத்துங்கள், முடியாவிட்டால் அன்றன்றே வெளியேற்றுங்கள். முக்கியமாக, அடுக்கிவைக்க அழகான பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்காதீர்கள். பெட்டி வாங்கியவர் பெட்டியை நிரப்புவார், குறைக்க மாட்டார்.

அடுத்தது இடம். எல்லோரும் பரணிலோ அந்த மூடிய அறையிலோதான் ஆரம்பிப்பார்கள், அங்கேதானே அடைசல் அதிகம் என்று. நான் அதை வேண்டாம் என்பேன். பரணில் ஒரு மாதம் பாடுபட்டாலும் உங்கள் அன்றாடம் மாறாது. மாற்றம் தெரியாவிட்டால் மனசு விட்டுப்போகும். கட்டிலில் ஆரம்பியுங்கள். இன்றைக்கு ஒரு முழம் இடம் கிடைத்தால் இன்று ராத்திரியே கால் நீட்டிப் படுக்கலாம். கட்டில் முடிந்தபின் நடைபாதை, வாசற்கதவு, அடுப்பின் சுற்றுப்புறம், சுவிட்ச் போர்டுகளின் பக்கம். தடுக்கி விழுவதும் தீப்பிடிப்பதும் இந்த இடங்களில்தான். பரண் கடைசியில் வரட்டும்.

ஒரு நாளைக்கு 15 நிமிடம் போதும். போனில் அலாரம் வையுங்கள். குவியல் முழுவதையும் கொட்டாதீர்கள். ஒரே ஒரு பையை எடுத்துக்கொண்டு மற்றதற்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். கண்ணில் படுகிற ஒவ்வொன்றும் உங்களைக் கூப்பிடும், அதனால்தான்.

கட்டிலில் இருந்து ஒரு துணிப்பையை எடுத்ததாக வைத்துக்கொள்வோம். உள்ளே ஒரு மிக்ஸியின் கையேடு. அந்த மிக்ஸி இப்போது இல்லை. வெளியே. மை காய்ந்த பேனா, வெளியே. எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத ஒரு சாவி. இங்கே கை நிற்கும். 'பூட்டு கிடைத்துவிட்டால்?' என்று மனசு கேட்கும். ஒரு துண்டுச்சீட்டில் எழுதுங்கள்: 'இந்தச் சாவி போனால் என்ன ஆகும் என்று பயப்படுகிறேன்? பூஜ்யத்தில் இருந்து பத்துக்குள் எவ்வளவு வேதனை?' ஏழு என்று வருகிறது. சாவியை வெளியே போகிற பையில் போடுங்கள். அதற்குக் கீழே மகள் ஆறு வயதில் கோணல் எழுத்தில் எழுதிய சீட்டு. அதை நினைவுப் பொருள்களுக்கான பெட்டியில் வையுங்கள், இன்று அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். அலாரம் அடித்ததும் எழுந்துவிடுங்கள், பாதியில் இருந்தாலும். வெளியே போக வேண்டிய பை அன்றைக்கே வீட்டைவிட்டுப் போக வேண்டும். வாசல்வரை போய் ராத்திரி தங்கும் பை காலையில் உள்ளே வந்துவிடும்.

மறுநாள் காலையில் அந்தச் சீட்டை எடுத்து, சாவிக்கான வேதனை இப்போது எவ்வளவு என்று எழுதுங்கள். நேற்றைய ஏழு குறைந்திருக்கும், பெரும்பாலும் நன்றாகவே. இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை, சிகிச்சையின் மையமே இதுதான். வேதனை ஏறிக்கொண்டே போய் நம்மை உடைத்துவிடும் என்று பயந்துதான் பொருளைத் திரும்ப எடுத்துவைக்கிறோம். திரும்ப எடுத்ததும் கிடைக்கிற நிம்மதி அந்தப் பயத்தை இன்னும் உறுதியாக்குகிறது. அப்படி எடுக்காமல் இருந்தால் வேதனை தானே இறங்கும் என்பதை உங்கள் உடம்பு நேரில் பார்க்க வேண்டும். யார் எடுத்துச் சொன்னாலும் அது ஏறாது. அந்தச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். ஆமாம், இவற்றை நானே வைக்கச் சொல்கிறேன்.

உங்கள் லீவு நாளில் நடந்ததும் அடிக்கடி நடப்பதுதான். ஒரு பொருளைக் கையில் எடுக்கிறோம், முடிவு வரவில்லை, பக்கத்துக் குவியலில் வைக்கிறோம். மாலைக்குள் குவியல்கள் இடம் மாறியிருக்கும், குறைந்திருக்காது. கையில் எடுத்ததை முடிவில்லாமல் கீழே வைக்காதீர்கள். அவ்வளவு குழப்பமான பொருள்களுக்கு ஒரே ஒரு அட்டைப்பெட்டி வைத்துக்கொள்ளலாம், மேலே தேதி எழுதி. மூன்று மாதத்தில் அதைத் தேடிப் போகவில்லை என்றால் போகவேண்டிய பொருள் என்று அர்த்தம். அது நிரம்பினால் உள்ளேயிருந்து ஒன்றை எடுத்தபின்தான் புதிதாக ஒன்றை வைக்கலாம். இரண்டாவது பெட்டிக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது, அது நல்ல குணத்தின் வேஷத்தில் வரும். 'வீணாக்கக் கூடாது, தேவைப்படுகிற யாருக்காவது கொடுக்கலாம்' என்பது. உயர்ந்த எண்ணம்தான். ஆனால் அந்தச் சரியான ஆளைத் தேடியே பொருள்கள் வருடக்கணக்கில் வீட்டில் கிடக்கின்றன. ஒரு ஸ்வெட்டர் பூச்சி அரித்துப் போகும்வரை உங்கள் அலமாரியில் இருந்தால் அது ஏற்கெனவே வீணாகிவிட்டது. கொடுப்பதென்றால் ஒரு வாரத்துக்குள் கொடுங்கள், ஒரே இடத்துக்குக் கொடுங்கள். பெற்றுக்கொள்பவர் தகுதியானவரா, பத்திரமாக வைத்துக்கொள்வாரா என்ற விசாரணை வேண்டாம்.

காகிதங்களில் சொத்துப் பத்திரம், சான்றிதழ், அடையாள ஆவணம், காப்பீடு, வரி, சிகிச்சைக் குறிப்புகள் ஒரு கோப்பில் இருக்கட்டும். மற்றதில் பெரும்பகுதி போகலாம். போடுமுன் கணக்கு எண் இருக்கும் இடத்தைக் கிழித்துவிடுங்கள். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துவைக்கிறேன் என்று கிளம்பினால் அடைசல் போனுக்கு மாறும், அவ்வளவுதான்.

அம்மாவின் துணிகளை இப்போதைக்குத் தொடவே தொடாதீர்கள். முடிவெடுக்கும் பழக்கம் கொஞ்சம் வலுத்தபின், சில மாதம் கழித்துப் பாருங்கள். அப்போதும் 'எதைப் போடுவது' என்று கேட்காமல், 'அம்மாவை எனக்குக் கண்முன் கொண்டுவருவது எது' என்று தேடி எடுங்கள். அவர் தினமும் போர்த்திய சால்வை, கைப்பட எழுதிய நோட்டு, அப்படி ஒரு பெட்டிக்குள் அடங்குகிற அளவு. மற்றவற்றை இங்கே தாராளமாகப் படம் எடுக்கலாம். நினைவுப் பொருளைப் படம் எடுத்தபின் கொடுக்கச் சொன்னபோது மாணவர்கள் அதிகமாகக் கொடுத்தார்கள் என்று 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. போய்விடுமோ என்ற பயம் நமக்கு நினைவைப் பற்றித்தான். அதற்கு ஒரு பிடி கிடைத்தால் துணியை விட முடிகிறது. அந்த நாளில் அழுகை வந்தால் அழுங்கள், மிச்சத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் மகளுக்குச் சில வார்த்தைகள். இதை அவரிடம் காட்டுங்கள். மகளே, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அந்த வீட்டில் நீங்களும்தானே மூச்சுவிட வேண்டும். ஆனால் உங்கள் அம்மா இல்லாதபோது அள்ளிக் கொட்டாதீர்கள். வீடு ஒரு வாரம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் அவர் முன்னைவிட வேகமாகச் சேர்ப்பார், உங்களை அறைக்குள் விட மாட்டார். முடிவெடுக்கப் பழகும் வாய்ப்பும் போய்விடும். அதற்குப் பதில் அந்த 15 நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். அவர் அனுமதியில்லாமல் எதையும் தொட வேண்டாம். 'இது எதற்கு?' என்று குத்திக் கேட்காமல், 'இது எங்கே போக வேண்டும்?' என்று கேளுங்கள். நிரம்பிய பையை வெளியே கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன உணவு, அடுப்புக்குப் பக்கத்துக் காகிதம், வழியை அடைக்கும் பொருள் இவை மட்டும் காத்திருக்க முடியாது. அவற்றை முன்கூட்டியே இருவரும் பேசி, உடனே அகற்றலாம் என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும்? மாதக் கணக்கில்தான் யோசிக்க வேண்டும். நடுவில் ஒரு வாரம் கை ஓடாமல் போகும், விட்ட இடத்தில் தொடருங்கள். ஆறு வாரம் இப்படிச் செய்தும் கட்டில் காலியாகவில்லை என்றாலோ, தூக்கமும் சாப்பாடும் கெட்டாலோ, வாழ்க்கையே வெறுத்துப்போனாலோ வீட்டு முயற்சியோடு நிற்காதீர்கள். மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பாருங்கள். இந்தப் பழக்கத்தோடு மனச்சோர்வும் கவனச் சிதறல் கோளாறும் சேர்ந்து வருவது அதிகம், அவற்றுக்கு மருந்து உதவும். சேர்த்துவைப்பதற்கென்றே தனி மாத்திரை இல்லை. அதற்கு இருப்பது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் பேச்சுச் சிகிச்சை. வாரம் ஓர் அமர்வு வீதம் ஆறு மாதம்வரைகூடப் போகும். வாழ்நாளெல்லாம் ஒழுங்காக இருந்த ஒருவர் வயதான பிறகு திடீரென்று குப்பை சேர்க்க ஆரம்பித்தால் அது வேறு விஷயம். நரம்பியல் மருத்துவரிடம் நினைவாற்றல் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது எல்லா அறைகளையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அடைசலின் அளவை அவர்கள் அறைகளின் படங்களைக் கொண்டுதான் பெரும்பாலும் மதிப்பிடுவார்கள். வெட்கப்பட்டு ஒதுக்கிவைத்துவிட்டு எடுக்காதீர்கள், இருக்கிறது இருக்கிறபடியே எடுங்கள். கட்டிலை இன்றைக்கே ஒரு படம் எடுத்துவிடுங்கள், தேதியோடு.