மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே சாம்பல் வருவது ஏன்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கடைமடை விவசாயிகளுக்காக ஃபிளட்டரில் (செயலி எழுத உதவும் மென்பொருள் கருவி) ஒரு செயலி செய்கிறேன். மேட்டூர் அணையில் தண்ணீர் எவ்வளவு என்பதை, குறைவுக்கு மஞ்சள், நிறைவுக்கு நீலம் என்று ஒரு கிரேடியன்ட் பட்டையாக, அதாவது ஒரு நிறம் இன்னொன்றாக மெல்ல மாறும் பட்டையாகக் காட்டுகிறேன். நடுவில் அழுக்குச் சாம்பல் வருகிறது. பட்டையின் ஓரத்தில் வெள்ளை நிறம் கரைந்து மறைய வேண்டும் என்று செய்தால், அங்கே கரி படிந்த மாதிரி இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: திரையில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் கலவை; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். மஞ்சள் என்பது சிவப்பு 255, பச்சை 255, நீலம் 0. நீலம் என்பது 0, 0, 255. ஃபிளட்டர் இந்த மூன்று எண்களையும் தனித்தனியே சராசரி எடுத்துக்கொண்டு போகிறது. சரிபாதியில் மூன்றுமே ஏறத்தாழ 128 ஆகிவிடும். மூன்றும் சமமானால் சாம்பல்தான் வரும். நிறச் சக்கரத்தில் எதிரெதிரே இருக்கும் எந்த இரண்டை எடுத்தாலும் இந்தக் கதைதான்.

எளிய வழி, நடுவில் ஒரு பச்சையை நீங்களே வைத்துவிடுவது. நாற்று நிறப் பச்சை இருந்தால் மஞ்சளோடும் நீலத்தோடும் இழையும். இன்னும் நயமாக வேண்டுமென்றால் ஓகே-எல்சிஎச் என்ற நிறவெளியில் (நிறங்களை எண்களாகக் குறிக்கும் ஒரு முறை) இடைநிறங்களைக் கணக்கிட்டு, ஏழெட்டு நிறங்களாக கிரேடியன்ட்டுக்குக் கொடுங்கள். 2020-இல் பியோர்ன் ஓட்டோசன் வெளியிட்ட ஓகேலேப் என்ற நிறவெளியின் இன்னொரு வடிவம் அது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை ஒட்டியே எண்கள் நகரும். இணையப் பக்கமாக இருந்தால், பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியிலேயே இதைக் கேட்கலாம், இப்போதைய பிரவுசர்கள் புரிந்துகொள்ளும். நிறச் சக்கரத்தைச் சுற்றிப் போகும் ஹெச்எஸ்வி என்ற இன்னொரு முறை வேண்டாம். நடுவில் பளீரென்ற பச்சை வந்து கண்ணை இழுக்கும்; அங்கே ஏதோ விசேஷம் என்று பார்ப்பவர் நினைத்துவிடுவார்.

கரி படிந்த ஓரத்துக்குக் காரணம் வேறு. மறையும் ஓரத்துக்கு ஃபிளட்டரில் வழக்கமாகக் கொடுக்கும் கலர்ஸ்.டிரான்ஸ்பரன்ட் என்ற நிறம் உண்மையில் ஒளிபுகும் கறுப்பு. வெள்ளையிலிருந்து அதை நோக்கிப் போகும் வழியெல்லாம் கறுப்பு கலக்கிறது. அதற்குப் பதிலாக ஆல்ஃபா (ஒளிபுகாத் தன்மையின் அளவு) பூஜ்யமாக உள்ள வெள்ளையைக் கொடுங்கள், போய்விடும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பட்டை எதைக் காட்டுகிறது, நீர்மட்டத்தின் அடியையா, தண்ணீரின் அளவான டிஎம்சியையா (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி)? மேட்டூரின் முழு மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. அணை மேலே போகப்போக அகலமாவதால் இரண்டும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. 100 அடி என்றால் உயரத்தில் 83 சதவீதம். ஆனால் தண்ணீர் ஏறத்தாழ 65 டிஎம்சி, அதாவது 70 சதவீதத்தை ஒட்டித்தான். அடிக்கணக்கில் வண்ணம் பூசினால், இருப்பதைவிட அணை நிறைந்திருப்பதாக நிறம் சொல்லும். ஜூன் 12-இல் அணை திறப்பார்களா, குறுவைக்கு நாற்று விடலாமா என்று யோசிப்பவர் அந்த நிறத்தை நம்பி முடிவெடுப்பார். ஆகவே நிறத்தை டிஎம்சிக்குக் கட்டுங்கள். அடிக்கணக்கை எண்ணாகப் பக்கத்தில் போடுங்கள், நம் ஊரில் எல்லோரும் அடியில்தானே பேசுகிறார்கள்.

எந்த நிறம் பட்டையில் எங்கே வர வேண்டும் என்பதை ஃபிளட்டரின் ஸ்டாப்ஸ் பட்டியலில் 0 முதல் 1 வரையான எண்களாகக் கொடுக்கலாம். எத்தனை நிறமோ அத்தனை எண் இருக்க வேண்டும். மாற்றம் எங்கே முக்கியமோ அங்கே நிறங்களை நெருக்கி வையுங்கள்.

சிவப்பு–பச்சை ஜோடியை எடுக்காமல் மஞ்சள்–நீலம் எடுத்தது நல்ல தேர்வு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் இது விளங்கும். ஆனால் மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து வயல்வெளி வெயிலில் படிக்கவே முடியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்சத்தில் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும். கிரேடியன்ட் மேல் எழுதும்போது அதன் மிக மோசமான இடத்தில் அளந்து பாருங்கள், அல்லது எண்ணைப் பட்டைக்கு வெளியே வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக எழுதிவிடுங்கள்.